பள்ளி தரும் வீடா, அலவன்ஸா? அமீரகத்துக்குப் புறப்படும் ஆசிரியைகளுக்கு

பிப்ரவரி பிறந்தால் எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். அமீரகத்து இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் இங்கே நேர்காணல் மும்முரமாக நடக்கும். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் யாராவது ஒருவர் என் நம்பரைக் கண்டுபிடித்து அழைப்பார். "அக்கா, ஷேரிங் அகாமடேஷன் தர்றாங்களாம். வேண்டாம்னா மாசம் 1,500 திர்ஹம் அலவன்ஸாம். எதை வாங்கட்டும்?"

போன வாரம் கேட்டவர் திருச்சிப் பக்கத்து கெமிஸ்ட்ரி டீச்சர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வெளிநாடு இதுதான் முதல் தடவை, இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு ஃபோனில் அரைமணி நேரம் சொன்னதைத்தான் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

நான் 2013 முதல் 2023 வரை ஷார்ஜாவிலும் துபாயிலும் கணக்கு டீச்சர். முதல் நான்கு வருடம் பள்ளி வீட்டில் ஆறு பேரில் ஒருத்தியாக இருந்தேன். பிறகு இரண்டு தோழிகளோடு சேர்ந்து வீடு எடுத்தோம். 2019இல் கணவரும் மகளும் வந்தபின் சின்னதாக ஒரு தனிவீடு. ஆகவே பெட் ஸ்பேஸ் (பலர் இருக்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நானே இருந்து பார்த்திருக்கிறேன்.

எதை வைத்து அளப்பது

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, மாதம் எவ்வளவு மிஞ்சும் என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் பணத்தில் இரண்டு கணக்கு இருக்கிறது. மாதாமாதம் மிஞ்சுவது ஒன்று. வந்து இறங்கிய முதல் மாதமே மொத்தமாக எடுத்து வைக்க வேண்டியது இன்னொன்று. இந்த இரண்டாவது கணக்கை ஊரிலிருந்து யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

அடுத்தது கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள உங்களுக்கென்று ஒரு கதவு இருக்கிறதா? நாள் முழுக்க நாற்பது பிள்ளைகள் முன்னால் குரல் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு, அரைமணி நேரம் யாரும் பேசாத இடம் வேண்டும். அதை நான் பணத்துக்குச் சமமாகவே வைக்கிறேன்.

மூன்றாவது, வேலை போனால் வீடு என்ன ஆகும்? நான்காவது, பள்ளிக்குப் போய்வர எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு? ஐந்தாவது, குடும்பம் பின்னால் வரப்போகிறதா?

இந்த ஐந்தையும் வைத்து நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இப்படி வரும்:

| | பள்ளி வீடு | தோழிகளோடு வாடகை வீடு | தனி ஸ்டூடியோ (ஒரே அறை வீடு) | பெட் ஸ்பேஸ் / ஒரு அறை |
|---|---|---|---|---|
| முதல் மாதச் செலவு | கிட்டத்தட்ட இல்லை | ஓரளவு பெரிது, பங்கிடலாம் | மிகப் பெரிது | ஒரு மாத வாடகையும் சின்ன டெபாசிட்டும் |
| மாதாமாதம் மிச்சம் | அலவன்ஸ் கிடையாது, செலவும் குறைவு | கவனமாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும் | அலவன்ஸுக்கு மேல் கைப்பணம் போகும் | பார்வைக்கு அதிகம் மிஞ்சும் |
| கதவு | பெரும்பாலும் இல்லை | பேசி வாங்கலாம் | உண்டு | பெட் ஸ்பேஸில் இல்லை, அறையில் உண்டு |
| வேலை போனால் | வீடும் போகும் | ஒப்பந்தம் யார் பெயரிலோ அவருக்குச் சுமை | வாடகைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்த செக் உங்கள் தலையில் | உடனே கிளம்பலாம், உடனே கிளப்பவும் படலாம் |
| பயணம் | பள்ளி பஸ் வாசலுக்கு வரும் | இடத்தைப் பொறுத்தது | இடத்தைப் பொறுத்தது | இடத்தைப் பொறுத்தது |
| குடும்பம் | வரமுடியாது | வரமுடியாது | வரலாம் | வரமுடியாது |

அட்டவணையில் அடங்காத விஷயங்கள்தான் நிறைய.

பள்ளி வீடு, சக டீச்சர்களோடு

ஷார்ஜாவில் எங்கள் பள்ளி கொடுத்தது மூன்று படுக்கையறை வீடு. அறைக்கு இரண்டு பேர், இரண்டு பாத்ரூம், ஒரு சமையலறை, இரண்டு ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜில் தட்டுக்குத் தட்டு பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பள்ளி பஸ் ஐந்தே முக்காலுக்குக் கீழே வந்து நிற்கும். அதனால் நாலரைக்கு முதல் அலாரம் அடிக்கும். ஒருவருடைய அலாரத்தில் ஆறு பேரும் விழித்துக்கொள்வோம். குளிக்க முறை, சமைக்க முறை, வீடு கூட்ட முறை. நம் ஊர் ஒண்டுக்குடித்தனத்தில் முறைவாசல் என்று சொல்வோமே, அதேதான், ஒன்பதாவது மாடியில்.

இதில் இருக்கும் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவருக்கு இதைப்போல வசதி வேறு இல்லை. பெட்டியோடு வந்து இறங்கினால் கட்டில் இருக்கும், கேஸ் அடுப்பு இருக்கும், எந்த க்ரோசரியில் நல்லெண்ணெய் கிடைக்கும் என்று சொல்ல ஆள் இருக்கும். எமிரேட்ஸ் ஐடி என்னும் அடையாள அட்டை வரும்வரை பேங்க் அக்கவுண்ட் திறப்பது கஷ்டம், செக் புக் கிடைக்க அதற்குமேலும் நாளாகும். அந்தச் சமயத்தில் தலைக்கு மேல் கூரை ஏற்கெனவே இருப்பது பெரிய நிம்மதி.

2015 மார்ச்சில் எனக்கு அம்மை போட்டது. பரீட்சை பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது கழுத்தில் இரண்டு கொப்புளம் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரியே என் அறைத்தோழியை ஹாலுக்கு அனுப்பிவிட்டு, கோட்டயத்துச் சேச்சி ஒருவர் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். சின்ன வயதிலேயே அவருக்கு வந்து போயிருந்ததாம். அங்கே ரோட்டோரம் நிறைய வேப்பமரம் உண்டு. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் நின்ற மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்து என் தலையணைக்கடியில் வைத்தார். ஒன்பது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அம்மாவிடம் ஃபோனில் பேசும்போது நான் அழவில்லை என்றால் அதற்கு அவர்தான் காரணம். தனி ஸ்டூடியோவில் இருந்திருந்தால் அந்த ஒன்பது நாளை எப்படிக் கடந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

சரி, இனி அந்தப் பக்கம்.

சக டீச்சர்களோடு ஒரே வீட்டில் இருந்தால் ஸ்டாஃப் ரூமும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு இன்க்ரிமென்ட், எந்தப் பெற்றோர் புகார் சொன்னார், இன்ஸ்பெக்ஷனுக்கு எந்த ஃபைல் இன்னும் முடியவில்லை: ராத்திரி சப்பாத்தி தேய்க்கும்போதும் இதே பேச்சு. எங்கள் துறைத் தலைவி பக்கத்து அறையில் இருந்தார். நல்லவர், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒருநாள் தலைவலி என்று லீவு போட்டேன். சாயந்திரம் மாத்திரையில் சரியாகி, ஊரில் தங்கையோடு ஃபோனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால்கூட அறையைவிட்டு வெளியே வரமாட்டேன். பள்ளி வீட்டின் மறைமுகச் செலவு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

2020 மார்ச்சில் அமீரகப் பள்ளிகள் எல்லாம் இணையவழிக்கு மாறியபோது நான் அந்த வீட்டில் இல்லை. இருந்தவர்கள் சொன்னார்கள்: ஆறு டீச்சர், ஒரே வைஃபை, எட்டு மணிக்கு ஆறு வகுப்பும் ஒரே சமயத்தில் தொடக்கம். ஒருத்தி சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து வேதியியல் நடத்தினாள். இன்னொருத்தி பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஸ்டூல் போட்டு இந்தி இலக்கணம் நடத்தினாள். கதவைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பில். வீடு இலவசம் என்று லெட்டரில் இருக்கும். கரண்டும் தண்ணீரும் இலவசமா என்று தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் பள்ளி ஷார்ஜாவின் சேவா (கரண்ட், தண்ணீர்) பில்லை ஒரு வரம்பு வரை கட்டும், மீறியதை நாங்கள் ஆறாகப் பிரிக்க வேண்டும். ஜூலையில் மூன்று பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். வெயில் 45 டிகிரியைத் தாண்டும், இருக்கிற மூன்று பேருக்கு ஏசி இரவும் பகலும் ஓடும். திரும்பி வந்ததும் சண்டைதான்: ஆறாகப் பிரிப்பதா, மூன்றாகவா? இரண்டு வருடம் சண்டை போட்ட பிறகு, ஊருக்குக் கிளம்பும் அன்று மீட்டரை ஃபோட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தோம். அதோடு அந்தத் தகராறு தீர்ந்தது.

எனக்கு ஆறாமல் இருக்கும் குறை ஒன்று உண்டு. நான்காவது வருடம் செப்டம்பரில், கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்தால் ஹாலில் இரண்டு கட்டில். புதிய டீச்சர்கள் இரண்டு பேரை அங்கே போட்டிருந்தார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. பாவம், அந்தப் பெண்களுக்கு ஒரு திரைகூட இல்லை. தண்ணீர் குடிக்கப் போனால்கூட அவர்கள் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டுதான் போக வேண்டும். நிர்வாகத்திடம் போய்க் கேட்டோம். "லெட்டரில் ஷேரிங் என்றுதானே இருக்கிறது, எத்தனை பேர் என்று இல்லையே" என்றார்கள். உண்மைதான், எண்ணிக்கை இல்லை. அந்த மாதமே அலவன்ஸுக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஏப்ரல் வரை முடியாது என்று பதில் வந்தது.

ஆகவே, கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். அறைக்கு எத்தனை பேர், வீட்டுக்கு எத்தனை பேர், பாத்ரூம் எத்தனை, பில்லில் எதுவரை பள்ளி கட்டும், கோடை விடுமுறையில் வீட்டில் இருக்கலாமா, விருந்தாளி வரலாமா, ராத்திரி எத்தனை மணிக்குள் வர வேண்டும், நடுவருடத்தில் அலவன்ஸுக்கு மாறலாமா, வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். இதைவிட உபயோகமான இன்னொன்று: இப்போது அந்த வீட்டில் இருக்கும் ஒரு டீச்சரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். ஒழுங்கான பள்ளி நம்பர் கொடுக்கும்.

தோழிகளோடு சேர்ந்து வாடகை வீடு

இது பள்ளி வீட்டின் இன்னொரு வடிவம் போலத் தோன்றும். அப்படி இல்லை. யாரோடு இருப்பது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், அதிலேயே பாதி வித்தியாசம் வந்துவிடுகிறது. என்னோடு இருந்த ஒருத்தி ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், இன்னொருத்தி வேறு பள்ளியில் ஆங்கில டீச்சர். ராத்திரிப் பேச்சில் என் பள்ளியின் பெயரே வராது. அந்த இரண்டு வருடத்தில்தான் நான் மறுபடியும் கதைப்புத்தகம் படிக்க ஆரம்பித்தேன்.

கஷ்டம் காகிதத்தில் இருக்கிறது. வீட்டு ஒப்பந்தம் யாராவது ஒருவர் பெயரில்தான் பொதுவாக இருக்கும். துபாயில் அதை எஜாரி என்னும் அரசுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும், அபுதாபியில் தவ்தீக், ஷார்ஜாவில் நகராட்சியில். துபாயில் 2022 முதல் கூடவே தங்குகிறவர்களின் பெயரையும் துபாய் ரெஸ்ட் செயலியில் பதிய வேண்டும். செக் கொடுப்பவர், ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் இருவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். இரண்டாம் வருடம் நவம்பரில் லேப் தோழிக்கு ஓமனில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை, நல்ல வேலை. ஆனால் ஜனவரி செக் என் பெயரில் வங்கியில் காத்திருந்தது. புது ஆள் கிடைக்கும்வரை இரண்டு மாதம் அவள் பங்கையும் நாங்கள் இருவரும் சுமந்தோம். கிளம்புகிறவர் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆளைக் கொண்டுவந்து விட வேண்டும், டெபாசிட்டில் யார் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் வந்த புத்தி. சிநேகிதிகளுக்குள் என்ன தாள் என்று தோன்றும். தாள் இருந்தால் சிநேகிதம் கெடாமல் இருக்கும்.

பயணத்தை மறக்க வேண்டாம். பள்ளி பஸ் உங்கள் புது வீட்டுப் பக்கம் வராமல் போகலாம். அப்போது கார் லிஃப்ட், அதாவது பலரை ஏற்றிப்போகும் தனியார் வண்டி, பிடிக்க வேண்டும், அதற்கு மாதத்துக்கு ஒரு தொகை. அனுமதி இல்லாத வண்டியாக இருந்து பிடிபட்டால் வண்டிக்காரரோடு உங்கள் காலைப்பொழுதும் போகும். ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று அங்கே வீடு எடுத்து துபாய்ப் பள்ளிக்குப் போகிறவர்கள் அல் இத்திஹாத் சாலையின் காலை நெரிசலையும் அந்த வாடகையில் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

தனியாக ஒரு ஸ்டூடியோ

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். துபாயில் வருட வாடகை 36,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு செக்காக ஒத்துக்கொண்டால் முதல் செக் 9,000. டெபாசிட் 5 சதவீதம், 1,800. ஏஜென்ட் கமிஷனும் வழக்கமாக 5 சதவீதம், இன்னொரு 1,800. தேவா (துபாயின் கரண்ட், தண்ணீர் நிறுவனம்) டெபாசிட் அபார்ட்மென்டுக்கு 2,000. எஜாரிக்கு 200 சொச்சம். ஆகமொத்தம் 14,800க்கு மேல். இன்னும் மெத்தை வாங்கவில்லை, அடுப்பு வாங்கவில்லை, வீட்டில் ஒரு டம்ளர்கூட இல்லை. உங்களுக்கு வரும் அலவன்ஸோ மாதம் 1,500. வாடகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போகும், அலவன்ஸ் மாதாமாதம் துளித்துளியாக வரும். கேட்டுப் பாருங்கள், சில பள்ளிகள் முதல் சில மாத அலவன்ஸை முன்பணமாகத் தரும்.

பிறகு, வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணம் என்று துபாய் நகராட்சிக்குப் போகிறது, தேவா பில்லோடு மாதாமாதம் பிரித்து வரும். 36,000க்கு அது மாதம் 150. சில கட்டடங்களில் ஏசிக்குக் குளிர்நீர் தருவது வேறு கம்பெனி, அதற்குத் தனி பில், தனி டெபாசிட். வீடு பார்க்கப் போகும்போது 'சில்லர் ஃப்ரீயா', அதாவது இந்தக் குளிர்நீருக்குத் தனி பில் இல்லையா என்று கேட்க மறக்காதீர்கள்.

பள்ளி வீட்டில் வேலை போனால் வீடு போகும் என்றேன். இங்கே அது தலைகீழ்: வேலை போனாலும் வீடு போகாது. வங்கியில் கிடக்கும் செக் தேதி வந்தால் போய் நிற்கும். நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால் இரண்டு மாத வாடகை அபராதம் என்று எழுதியிருப்பார்கள். சிலதில் முறிக்கும் வழியே எழுதியிருக்காது, அது இன்னும் மோசம். அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், குடும்பம் வருகிறது என்றால் இதைவிட்டால் வேறு வழி கிடையாது. குடும்பத்துக்கு விசா எடுக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000மும் தங்குமிடமும் இருக்க வேண்டும், பதிவு செய்த வீட்டு ஒப்பந்தமும் கேட்பார்கள். ஆறு பேர் இருக்கும் பள்ளி வீட்டைக் காட்டிப் பிள்ளையைக் கூட்டிவர முடியாது. என் மகள் வந்த அன்று அந்தச் சின்ன வீட்டின் ஒரே அறைக் கதவை அவளே பத்துத் தடவை திறந்து திறந்து மூடினாள். அந்த வருடம் எங்களிடம் சேமிப்பு என்று ஒன்றுமே இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

பெட் ஸ்பேஸ், அல்லது ஒரு குடும்பத்தோடு ஒரு அறை

அலவன்ஸை வாங்கி அதில் பாதியை மிச்சம் பிடிக்கலாம் என்று பெட் ஸ்பேஸ் எடுக்கிறவர்கள் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் துபாய் கராமாவில் அப்படி ஒரு வருடம் இருந்தாள். ஒரு அறைக்கு நான்கு கட்டில், பேப்பர் திருத்த இடமில்லாமல் பள்ளியிலேயே ஐந்து மணி வரை உட்கார்ந்திருப்பாள். ஒப்பந்தத்தில் அவள் பெயர் கிடையாது, எனவே உரிமையும் கிடையாது. ஹாலையும் அறையையும் பலகை வைத்துத் தடுத்துப் பார்ட்டிஷன் போட்ட வீடுகள் இன்னும் ஆபத்து. தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது. 2025 ஜூனில் துபாய் நகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா பகுதிகளில் இவற்றுக்கு எதிராக இறங்கியபோது பலர் அவசர அவசரமாக வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஒரு டீச்சருக்கு நடுப்பருவத்தில் அந்த அலைச்சல் வேண்டாம்.

நம்பிக்கையான ஒரு குடும்பத்தோடு ஒரு அறை என்றால் அது வேறு விஷயம். கதவு உண்டு, வீட்டில் சமைக்கும் வாசனை உண்டு. உள்வாடகைக்கு விட வீட்டு உரிமையாளர் சம்மதித்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். துபாயில் அவர் சம்மதம் இல்லாமல் விடக்கூடாது. வீட்டை ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். பகலில் எல்லா வீடும் அமைதியாகத்தான் இருக்கும்.

லெட்டரில் ஒளிந்திருக்கும் ஒரு கணக்கு

2022 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி நிர்வாகம் தங்குமிடம் தரலாம், பணமாகத் தரலாம், அல்லது சம்பளத்துக்குள்ளேயே சேர்த்துவிடலாம். இந்த மூன்றாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். '5,000, எல்லாம் சேர்த்து' என்று வரும் லெட்டரில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். அடிப்படை 3,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 10,500. 2,000 என்றால் 7,000. வீட்டு அலவன்ஸ் இந்தக் கணக்கில் வராது. ஆகவே அலவன்ஸை ஏற்றித் தருகிறேன் என்று அடிப்படையைக் குறைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆண் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பல பள்ளிகள் வீடு தருவது தனியாக வரும் பெண்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு அலவன்ஸ்தான் வரும். 'பேச்சிலர்களுக்கு இல்லை' என்று சொல்லும் கட்டடங்கள் நிறைய இருப்பதால், கிளம்புவதற்கு முன்பே அங்கிருக்கும் சக ஆசிரியர் ஒருவரைப் பிடித்து இடம் பேசி வைத்துக்கொண்டு போங்கள்.

யாருக்கு எது

முதல் முறை, தனியாக, கையில் பெரிய தொகை இல்லாமல் போகிறீர்கள் என்றால் பள்ளி வீடுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அறைக்கு இரண்டு பேருக்கு மேல் என்றால் மட்டும் யோசியுங்கள். ஹாலில் கட்டில் என்றால் வேண்டாம்.

ஆனால் அங்கேயே வேர் பிடித்துவிடாதீர்கள். நான் நான்கு வருடம் இருந்தது இரண்டு வருடம் அதிகம். மாதாமாதம் ஊருக்குப் பணம் போகிறது, பஸ் வாசலுக்கு வருகிறது, மாறுவானேன் என்று இருந்துவிட்டேன். மனசு களைத்துப்போனது கட்டில்கள் ஹாலுக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. முதல் வருடத்திலேயே மாதம் கொஞ்சம் ஒதுக்கி, செக் புக் வாங்கி, வேறு பள்ளியிலோ வேறு வேலையிலோ இருக்கும் ஒன்றிரண்டு பேரைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, அலவன்ஸுக்கு மாறும் தேதியை விடாமல் எழுதிக் கொடுத்து, சேர்ந்து ஒரு வீடு எடுங்கள். தனி ஸ்டூடியோவைக் குடும்பம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அல்லது, தூக்கம் குறைந்தால் உடம்பு கெடும் என்கிற மாதிரி உங்களுக்கு ஏதாவது இருந்தால், சேமிப்பைக் கொஞ்சம் மறந்துவிட்டு முதலிலேயே எடுங்கள். அதுவும் நியாயமான செலவுதான்.

திருச்சி டீச்சர் பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். அறைக்கு இரண்டு பேர், வீட்டுக்கு நான்கு பேர், கரண்ட் பில் முழுக்கப் பள்ளி கட்டும் என்று பதில் வந்தது. அந்த வீட்டில் இருக்கும் ஒரு டீச்சரின் நம்பரும் கொடுத்தார்கள். அவரோடு பேசிவிட்டு நேற்று ராத்திரி எனக்கு மறுபடி அழைத்தார். "அக்கா, பள்ளி வீட்டுக்கே சரின்னு சொல்லிட்டேன். அம்மா அஞ்சு லிட்டர் குக்கர் எடுத்து வச்சிருக்காங்க, கொண்டு போகட்டுமா?" பெரிய குக்கர் அந்த வீட்டில் கட்டாயம் இருக்கும். இரண்டு லிட்டர் ஒன்று எடுத்துக்கோம்மா, ராத்திரி உனக்கு மட்டும் ரசம் சாதம் வைக்கத் தோன்றும் நாளுக்கு என்றேன்.